சிப்பாரூஸ் நடனக்காரி: எது முதல் சிலை, எது அசல்?

உங்கள் கேள்வி இதுதான். மாமா வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது ஒரு நடனக்காரி சிலை கிடைத்திருக்கிறது. உயரம் 40 சென்டிமீட்டர், உடம்பு வெண்கலம் மாதிரி இருக்கிறது, முகமும் கைகளும் வெள்ளையாக வேறு ஏதோ பொருள், கல் பீடத்தில் சிப்பாரூஸ் என்று பெயர் பொறித்திருக்கிறது. வலையில் தேடினால் இதே பெண் மூன்று நான்கு அளவுகளில் வருகிறாள், ஒன்று பல லட்சம், இன்னொன்று சில ஆயிரம். இதில் எது முதலில் செய்தது, மற்றவை எல்லாம் நகலா?

நேராகவே சொல்கிறேன்: 1920களில் பாரிஸில் சிப்பாரூஸ் போன்ற சிற்பிகளின் பெயரில் வந்த இந்த வகைச் சிலைகளில் முதல் சிலை என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது. சிற்பி தன் கையால் செய்தது களிமண்ணில் ஒரு மாதிரி, அதிலிருந்து பிளாஸ்டரில் ஒரு மாதிரி, அவ்வளவுதான். வெண்கலத்தில் வந்தவை எல்லாமே ஒரு நிறுவனம் பணம் போட்டு, பல வேலைக்காரர்களை வைத்து, வாங்குபவர்களின் வசதிக்கு ஏற்ப வெவ்வேறு அளவிலும் பொருளிலும் வார்த்து விற்றவை. 1920களில் அந்த நிறுவனம் வார்த்த மூன்றாவது சிலையும் அசல், முப்பதாவதும் அசல். 1980-இல் வேறு யாரோ அதே உருவத்தை வார்த்திருந்தால் அது அசல் இல்லை. பெரியதா சின்னதா, தந்தம் வைத்ததா முழு வெண்கலமா என்பதை வைத்து அசலைத் தீர்மானிக்க முடியாது. யார், எப்போது வார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

இது நமக்குச் சட்டென்று பிடிபடாது, ஏனென்றால் வெண்கலச் சிலை என்றாலே நம் மனதில் சுவாமிமலைதான் வரும். அங்கே ஸ்தபதி மெழுகில் முழு உருவத்தையும் கையால் செய்கிறார், மேலே வண்டல் மண் பூசிக் காயவைக்கிறார், சூடாக்கி மெழுகை வெளியேற்றி அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார், ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அடுத்த சிலை வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். பாரிஸ் பட்டறைகளின் கணக்கு வேறு. பிளாஸ்டர் மாதிரி பத்திரமாக இருக்கும், அதிலிருந்து தேவையானபோது மணலில் அச்சு எடுப்பார்கள், இல்லையென்றால் ஜெலட்டின் அச்சு வைத்து மெழுகுப் பிரதிகள் எடுப்பார்கள். கை, கால், உடல், பாவாடை என்று தனித்தனியாக வார்த்து இணைத்து, இணைப்புத் தெரியாமல் ராவி, உளியால் செதுக்கி, நிறம் ஏற்றுவார்கள். தொடங்கும்போதே பலமுறை செய்வதற்காகத் திட்டமிட்ட பொருள் அது.

சரி, ஆள் யார் என்று பார்ப்போம். டிமிட்ரி சிப்பாரூஸ் 1886-இல் ருமேனியாவின் டொரோஹோய் ஊரில் பிறந்தவர். ருமேனிய மொழியில் அவர் பெயரின் முதல் எழுத்தை 'கி' என்றுதான் சொல்ல வேண்டும், கிப்பரூஷ் என்பதற்குப் பக்கத்தில் வரும். பாரிஸ் போனதும் எழுத்துக்கு மேலும் கீழும் இருந்த குறிகளையெல்லாம் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார், உலகம் முழுக்க சிப்பாரூஸ் ஆகிவிட்டது. 1909-இல் இத்தாலி சென்று ரொமனெல்லி என்ற சிற்பியிடம் கற்றார், 1912-இல் பாரிஸ் வந்து அந்தோனன் மெர்சியே, ழான் பூஷே ஆகியோரிடம் படித்தார். 1914-இல் சலோன் என்ற பாரிஸின் பெரிய கலைக் கண்காட்சியில் அவர் வேலை வந்தது. ஆரம்பத்தில் செய்தவை பெரும்பாலும் குழந்தைகள், தெருக் காட்சிகள். அழகாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் பலரும் செய்தவைதான். நாம் இன்று அவர் பெயரோடு சேர்த்து நினைக்கும் நடனக்காரிகள் 1920களில்தான் வருகிறார்கள்.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1909 முதல் ரஷ்ய பாலே குழு பாரிஸில் ஆடத் தொடங்கியது, 1910-இல் ஷெஹரஸாத் என்ற பாலே மேடையேறியது, லெயோன் பாக்ஸ்ட் வரைந்த உடைகளைப் பார்த்துப் பாரிஸ் அசந்து போனது. உடலோடு ஒட்டிய மேலாடை, இடுப்பில் தொங்கும் மணிச்சரங்கள், தலையில் பின்னிய தொப்பி, நெளிந்து நிற்கும் கைகள், எல்லாமே அந்த மேடையிலிருந்து நேராகச் சிப்பாரூஸின் பீடத்துக்கு வந்தவை. அந்தக் குழுவில் ஆடிய நிஜின்ஸ்கியும் ஈடா ரூபின்ஸ்டைனும் என்று சொல்லப்படும் ஜோடிச் சிலையே ஒன்று இருக்கிறது. அப்புறம் 1922 நவம்பரில் எகிப்தில் துட்டன்காமன் கல்லறை திறந்தார்கள், அடுத்த சில வருடங்களுக்கு ஐரோப்பாவில் நகை, துணி, விளக்கு என்று எதைத் தொட்டாலும் எகிப்துதான், சிப்பாரூஸின் நடனக்காரிகளும் எகிப்தியத் தலையணி போட்டுக்கொண்டார்கள். அதே 1922-இல் மார்செய் நகரத்துக் காலனியக் கண்காட்சியில் அங்கோர் வாட் கோயிலின் மாதிரியைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். 1928-இல் சிப்பாரூஸ் சலோனில் வைத்த நடனக்காரியின் பெயர் 'தா கேவ்', அங்கோர் பகுதியில் அந்தப் பெயரில் ஒரு கோயில் உண்டு. அவருடைய இன்னொரு நடனக்காரியின் பெயர் 'தூர்கா', நம் துர்க்கைதான். ஆனால் அந்தச் சிலையில் துர்க்கையைத் தேடாதீர்கள், சூலமும் இல்லை, சிம்மமும் இல்லை. கீழ்த்திசை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பாரிஸ் மேடை கற்பனை செய்துகொண்ட ஒரு பெண் அவள். இன்னொரு பக்கம் அமெரிக்க ஜாஸ், வரிசையாக நின்று ஆடும் ரெவ்யூ நடனம்: 'லே கேர்ல்ஸ்' என்ற சிலையில் ஐந்து பெண்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர் செய்தவற்றில் இதுதான் உச்சம் என்பது என் கருத்து.

இந்தச் சிலைகளின் பாணியை இன்று ஆர்ட் டெக்கோ என்கிறோம், ஆனால் அந்தப் பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரைச் சுருக்கி 1960களில்தான் அந்தச் சொல்லைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதனால் உங்கள் சிலையிலோ பழைய விற்பனைத் தாளிலோ 'ஆர்ட் டெக்கோ' என்று அச்சடித்திருந்தால் அது அந்தக் காலத்துப் பொருள் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடலாம்.

இப்போது தந்தம். வெண்கலத்தையும் தந்தத்தையும் சேர்த்துச் செய்யும் சிலைக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு பெயர் இருக்கிறது, கிரைசெலெஃபன்டைன். சொல்லின் பொருள் பொன்னும் தந்தமும். பண்டைக் கிரேக்கச் சிற்பி ஃபீடியாஸ் செய்த அதீனாவும் ஒலிம்பியாவின் சியூஸும் அப்படிச் செய்த சிலைகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது திரும்பி வந்ததற்குக் காரணம் கிரேக்கப் பற்று மட்டும் இல்லை. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்த காங்கோவிலிருந்து ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குத் தந்தம் குவிந்தது, அதற்குச் சந்தை வேண்டும், சிற்பிகளுக்குத் தந்தத்தைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னார்கள், 1894 ஆன்ட்வெர்ப் கண்காட்சியிலும் 1897-இல் பிரஸ்ஸல்ஸ் பக்கம் டெர்வூரனிலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். காங்கோ மக்கள் அந்த ஆட்சியில் பட்ட பாடு உலகம் அறிந்தது. முப்பது வருடம் கழித்துப் பாரிஸில் மேசை மேல் நின்ற இந்த நளினமான விரல்களுக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. சிலையை எவ்வளவு ரசித்தாலும் இதை விட்டுவிட்டு அதன் பிறப்பைச் சொல்ல எனக்கு மனம் வராது.

தந்தம் கையில் இருக்கிறது என்பதற்காக நினைத்தபடியெல்லாம் செய்துவிட முடியாது. தந்தத்தின் பருமன்தான் எல்லை, பெரிய உருவத்தை ஒரே துண்டில் எடுக்க முடியாது, விலையும் அதிகம். அதனால் முகம், கை, சில சமயம் மார்பும் காலும் மட்டும் தந்தத்தில் தனியாகச் செதுக்கி, ஊசி போன்ற கம்பியால் வெண்கலத்தோடு பொருத்துவார்கள். இந்த இரண்டும் சேரும் கோடு கண்ணை உறுத்தக் கூடாதே? அங்கேதான் சிப்பாரூஸின் சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன். சருமம் தந்தம், உடை வெண்கலம் என்று பிரித்துவிட்டால் உடையின் ஓரமே இணைப்பை மறைத்துவிடும். கழுத்தில் இருக்கும் பட்டை, மணிக்கட்டில் வளையல், நெற்றி வரை இழுத்துவிட்ட தொப்பி, எல்லாமே அழகுக்காக மட்டும் வந்தவை இல்லை, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு இணைப்பு இருக்கிறது. 'லே கேர்ல்ஸ்' பெண்கள் கழுத்திலிருந்து கால் வரை ஒட்டிய உடையில் நிற்பதால் முகமும் கையும் மட்டும் தந்தமாக இருந்தால் போதும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அதே சிலையின் முழு வெண்கல வடிவத்தைப் பாருங்கள். வளையல் அங்கேயும் இருக்கிறது, கழுத்துப் பட்டையும் இருக்கிறது, மறைக்க வேண்டிய இணைப்புதான் அங்கே இல்லை. ஒரே மாதிரியிலிருந்து இரண்டு வடிவங்களும் வந்ததை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இந்தச் சிலைகளை வெளியிட்ட நிறுவனங்களைப் புத்தகப் பதிப்பகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சிற்பி மாதிரியைத் தருவார், வெளியிடும் உரிமை அவர்களுடையது, எத்தனை பிரதி, எந்த அளவு, என்ன பொருள் என்பதெல்லாம் அவர்கள் வியாபாரக் கணக்கு. சிப்பாரூஸுக்கு அப்படி அமைந்தவை முக்கியமாக இரண்டு. பாரிஸில் ரூ தெ பரடி தெருவில் இருந்த எட்லிங், அடுத்தது லேமன் நிறுவனம். பின்னதன் முத்திரையில் எல்.என்.ஜே.எல். என்ற எழுத்துகள் இருக்கும். இன்று பெரிய நகர அருங்காட்சியகம் ஒரு வெண்கலத்துக்கு எட்டுப் பிரதி, நான்கு சிற்பி பிரதி என்று கணக்குச் சொல்கிறதே, பிரான்சில் அந்தப் பன்னிரண்டு என்ற வரம்பு 1960களில்தான் சட்டத்தில் வந்தது. எட்லிங் காலத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை, விற்கும் வரை வார்த்தார்கள். அதனால் உங்கள் சிலையில் 3/50 மாதிரி எண் பொறித்திருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எனக்கு உடனே சந்தேகம்தான் வரும்.

அளவுகள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஷீல் கொலாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய குறைப்பு இயந்திரம்தான் இதன் தாய். ஒரு முனை பெரிய மாதிரியின் மேல் ஊர்ந்து போகும், அதோடு இணைந்த இன்னொரு முனை அதே அசைவைச் சிறிதாக்கி வேறொரு பிளாஸ்டரில் வெட்டிக்கொண்டே வரும். மூக்கின் வளைவு வரை விகிதம் மாறாமல் சின்னதாகிவிடும். அதனால் சின்னச் சிலை என்பது பெரியதைப் பார்த்து யாரோ செய்த போலி இல்லை. அதே நிறுவனம், அதே வருடங்களில், கொஞ்சம் குறைந்த விலைக்கு விற்றது. பணம் இருந்தவர் பெரியதை ஓனிக்ஸ் என்ற விலை உயர்ந்த கல் பீடத்தோடு வாங்கினார், இல்லாதவர் சின்னதைச் சாதாரண மார்பிள் பீடத்தோடு வாங்கினார்.

பொருளிலும் இதே ஏற்ற இறக்கம்தான். மேல் தட்டில் வெண்கலமும் தந்தமும், மேலே வெள்ளி, தங்க நிறங்களும் குளிர்முறையில் பூசிய வண்ணமும் சேர்ந்தது. அடுத்தது முழு வெண்கலம். அதற்கும் கீழே துத்தநாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் பூசியவை, முகமும் கையும் தந்தம் மாதிரி தெரியும் பிளாஸ்டிக் வகைப் பொருளில் இருக்கும். இந்தக் கடைசி வகையும் அந்தக் காலத்துப் பொருளாக இருக்கலாம். விலை குறைவு என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், 1930-இல் ஒரு நடுத்தரக் குடும்பம் ஆசைப்பட்டு வாங்கிய பொருளாக இருக்கலாம்.

ஜெர்மனியிலும் இதே காலத்தில் இணையாக ஒரு கதை ஓடியது. சிற்பி ஃபெர்டினாண்ட் ப்ரைஸ் தந்தச் செதுக்கலுக்குப் பேர் போன எர்பாக் ஊர்க்காரர், 1906-இல் காஸ்லர் என்பவரோடு சேர்ந்து பெர்லினில் பட்டறை தொடங்கினார். வலையில் பலர் ப்ரைஸ், சிப்பாரூஸ் இருவர் வேலையையும் குழப்பிப் போடுகிறார்கள். ப்ரைஸின் பெண்கள் விளையாட்டு வீராங்கனைகள், உடம்பில் பெரும்பகுதி தந்தம், முகத்தில் இயல்பான சிரிப்பு. சிப்பாரூஸின் பெண்கள் எப்போதும் மேடையில் இருக்கிறார்கள், கண் பாதி மூடியிருக்கும்.

போர் வந்ததும் எல்லாம் நின்றது. நாஜி ஆக்கிரமிப்பில் பட்டறைகள் இந்த உற்பத்தியை விட்டன, வாங்கவும் ஆள் இல்லை. சிப்பாரூஸ் தன் திருப்திக்காக விலங்குகள் செய்துகொண்டிருந்தார்; 1942 சலோனில் பனிக்கரடி, அமெரிக்கக் காட்டெருமை என்று இரண்டு பிளாஸ்டர் சிலைகளை வைத்தார். 1947-இல் இறந்தார். இருபது வருடத்துக்கு மேல் அவர் பெயரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1960களின் கடைசியில் ஆர்ட் டெக்கோ மறுபடி சூடுபிடித்தது, ஏலத்தில் விலை ஏறியது, விலை ஏறிய கையோடு பழைய சிலைகளின் மேல் அச்சு எடுத்துப் புதிதாக வார்க்கும் வேலையும் தொடங்கியது. இன்று நீங்கள் வலையில் பார்க்கும் 'சிப்பாரூஸ் வெண்கலம்' என்பவற்றில் பெரும்பகுதி இந்தப் பின்னாள் வார்ப்புகள்தான்.

உங்களுடையதை எப்படிப் பார்ப்பது? கையெழுத்தை நம்பாதீர்கள், கல்லில் பெயர் வெட்ட ஐந்து நிமிடம் போதும். முதலில் சிலையைக் கவனமாகச் சாய்த்துப் பீடத்தின் அடியைப் பாருங்கள். பழையதில் மரை போட்ட கம்பியும் கையால் செய்தது மாதிரி தெரியும் நட்டும், நூறு வருட அழுக்கும் துருவும் இருக்கும். பளபளக்கும் அறுகோண நட்டு, பிளஸ் தலை ஸ்குரூ, புத்தம் புதிய பச்சை வெல்வெட் ஒட்டு என்றால் பீடத்தையாவது பின்னால் மாற்றியிருக்கிறார்கள். பீடமே ஒரு சாட்சி. சிப்பாரூஸ் சிலைகளின் பீடம் பல கல்துண்டுகளைப் படிப்படியாக அடுக்கிச் செய்தது, சிலையோடு சேர்த்து வடிவமைத்தது. ஒற்றைக் கறுப்புக் கல் பலகையில் நிற்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

அடுத்து அளவு. வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சுருங்கும். பழைய சிலையின் மேல் அச்சு எடுத்து வார்த்தால் புதியது அந்த அளவுக்குச் சின்னதாகிவிடும், 40 சென்டிமீட்டர் சிலையில் அது 6 முதல் 8 மில்லிமீட்டர். உங்கள் சிலையை, பீடம் இல்லாமல் உருவத்தை மட்டும் அளந்து, நல்ல ஏல நிறுவனங்களின் பதிவில் உள்ள உயரங்களோடு ஒப்பிடுங்கள். அதோடு விரல் நுனி, காது, உடையின் மணிகள் ஆகியவற்றை பூதக்கண்ணாடியில் பாருங்கள்; மேல் அச்சில் இவைதான் முதலில் மழுங்கும். பழைய பட்டறையில் வார்த்த பிறகு ஒவ்வொரு மணியையும் உளியால் தனித்தனியாக எடுத்துவிட்டிருப்பார்கள், அந்தக் கூர்மையைப் போலியில் பார்க்க முடியாது.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் வெண்கலம் என்று எழுதியிருந்தீர்கள். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, வெண்கலத் தூளைக் கலந்த ரெசினிலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சிராய்ப்பு இருந்தால் அதைப் பாருங்கள்: உள்ளே மஞ்சள் கலந்த செம்பு நிறம் என்றால் வெண்கலமோ பித்தளையோ, வெள்ளைச் சாம்பல் நிறம் என்றால் துத்தநாகக் கலவை. புதிதாக நீங்களே சுரண்டாதீர்கள்.

வெள்ளைப் பகுதி தந்தமா என்று அறிய சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், தந்தமாக இருந்தால் வடு நிற்கும். உடைந்த ஓரத்திலோ கழுத்தின் அடியிலோ குறுக்கு வெட்டு தெரிந்தால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் வலை மாதிரி தெரியும். எலும்பில் அது இருக்காது, பதிலுக்குச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இல்லை, கோடு இருந்தாலும் இணைகோடாக ஒரே சீராக ஓடும், அச்சில் வார்த்த தையல் கோடும் சில சமயம் தெரியும்.

தந்தம்தான் என்று தெரிந்தால் விற்பதைப் பற்றி இப்போதைக்கு யாரிடமும் பேசாதீர்கள். இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் அதற்கு வந்த 1991 திருத்தமும் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தையும் சேர்த்துத்தான் வணிகத்தைத் தடுக்கின்றன, 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. பழம்பொருள்தானே என்ற வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். முதலில் இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள், வனத்துறையிடம் என்ன தெரிவிக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அப்படித்தான். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 1918-க்குப் பிந்தைய தந்தச் சிலைக்குக் கலை மதிப்பு என்ற விலக்கு கிடைக்காது. 1947-க்கு முன் செய்து தந்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் மட்டும் வழி உண்டு. இதனால் முன்பு இரண்டாம் தரமாக நினைத்த முழு வெண்கல வடிவம்தான் இன்று ஒருவர் கவலையில்லாமல் வாங்கி விற்கக்கூடியது. தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் அதைத்தான் எடுப்பேன், உருவத்தின் ஓட்டம் ஒரே உலோகத்தில் தடையில்லாமல் தெரிகிறது.

இன்னொன்று, எதுவாக இருந்தாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வீட்டுக் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு மேலே இருப்பது பட்டறையில் ஏற்றிய நிறமும் வண்ணமும், ஒரு முறை தேய்த்தால் போனது போனதுதான். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் சூடான விளக்கின் கீழும் வைக்காதீர்கள், தந்தம் நரம்போடு விரிசல் விடும்.

பீடத்தின் அடி, நட்டு, கையெழுத்து, கழுத்துப் பட்டை, ஒரு கை விரல்கள், இந்த ஐந்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், உருவத்தின் உயரத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இவை இருந்தால் அந்தத் துறை தெரிந்த யாரிடம் காட்டினாலும் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.